உளவு எவ்வாறு நுண்ணறிவாயிற்று?

அமெரிக்க அரசு பிறநாடுகளில் ஒற்றாடுவதற்கென்றே 1947-ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை நிறுவிற்று. 'சென்ட்ரல் இன்டெலிசென்சு ஏசென்சி' என்பது ஆங்கிலத்தில் அதன் பெயர். அதனைத் தமிழில் எழுத நேர்ந்த எவரும் 'நடுவண் நுண்ணறிவு முகமை' என்று எழுதினாரல்லர். 'நடுவண் உளவு முகமை' என்றே எழுதினர். எழுதியதும் சரியே. அவ்வமைப்பின் வேலை இன்னதென்று நாளிதழ் படிக்கும் எவனும் அறிவானாதலின், 'இன்டெலிசென்சு' என்னும் அவ்வாங்கிலச் சொல் அங்கு என்ன பொருளில் நிற்கின்றது என்பதில் எவர்க்கும் ஐயமெழவில்லை. ஆனால் அதே சொல், 'பிசினசு' என்னும் மற்றொரு சொல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு, பெருநிறுவனங்களின் கணிப்பொறிக் கூடங்களிலிருந்து இறங்கி வந்தபோது, கலைச்சொல்லாளர் ஓடோடிச் சென்று மாலையிட்டு, 'வணிக நுண்ணறிவு' என்று பெயர் சூட்டிவிட்டனர்! அரசு செய்தால் உளவு. வணிகன் செய்தால் நுண்ணறிவோ?

இதனை வெறுஞ் சொற்பூசல் என்று தள்ளுவார் உளர். பொருள் விளங்கினாற் போதாதா, எப்பெயரிட்டு அழைத்தால்தான் என்ன என்று அவர் வினவுவர். பொருள் விளங்கவில்லை என்பதன்றோ ஈண்டுக் குற்றச்சாட்டு! 'வணிக நுண்ணறிவு' என்று கேட்ட தமிழன், வணிகர் சிலர் கூரிய மதியோடு தொழில் நடத்துகின்றனர் போலும் என்று கருதிப் பாராட்டுவானேயன்றி, தான் நேற்று மாலை வாங்கிய வழலைக்கட்டியும் தலைவலி மருந்தும் எங்கோ எழுதி வைக்கப்பெற்று, அவற்றைக் கொண்டு தன்னைப் பற்றியே ஒரு முடிவு கட்டப்பெறுகின்றது என்று கனவிலும் கருதான். பெயர் பொருளைக் காட்டுதற்கு மாறாக மறைத்து நிற்குமாயின், அது பெயரன்று, திரை.

அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தாலே உண்மை புலப்படும். 'பிசினசு இன்டெலிசென்சு' என்னும் தொடர் அச்சிற் காணப்பெறும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, இரிச்சர்டு மில்லர் திவென்சு என்னும் அமெரிக்கர் 1865-இல் வெளியிட்ட வணிகர் வரலாற்றுத் துணுக்குத் தொகுப்பு. அதில் சர் என்றி பர்னீசு என்னும் இலண்டன் பணவணிகரைப் பற்றி ஒரு குறிப்பு வருகின்றது. ஆலந்து, பிளாண்டர்சு, பிரான்சு, செருமனி ஆகிய இடங்களிலெல்லாம் அவர்க்குச் செய்தி விடுப்போர் இருந்தனர். போர்களின் முடிவு பிறர்க்குத் தெரியுமுன் அவர் காதுக்கு வந்தது. நாமூர்க் கோட்டை வீழ்ந்த செய்தி முந்தி எட்டியதால் அவர்தம் ஊதியம் பெருகிற்று. இதனைத்தான் திவென்சு அத்தொடரால் குறித்தார். களத்தில் மாந்தர் மடிய, அச்செய்தியைப் பிறரினும் முந்தியறிந்து காசாக்கிய திறத்துக்கு 'நுண்ணறிவு' என்று பெயரிட எத்தமிழ்ப் புலவன் ஒப்புவான்?

நுண்ணறிவு என்னும் மேற்பூச்சு 1958-இல் ஏறிற்று. செருமனியில் பிறந்து அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்சு பீட்டர் லூன், அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வரைந்து, இத்தொடரைத் தலைப்பிலேயே ஏற்றினார். செய்திகளுக்கிடையே உள்ள உறவை உணர்ந்து செயலை வழிநடத்தும் ஆற்றல் என்று அகரமுதலியிலிருந்து ஒரு பொருளையும் எடுத்து நிறுத்தினார். லூனைக் குறைகூறுதல் முறையன்று. குவிந்து கிடக்கும் ஆவணங்களைப் பொறியே சுருக்கி, எவர்க்கு எது வேண்டுமோ அவர்க்கு அதனை அனுப்பும் ஓர் ஏற்பாட்டையே அவர் எண்ணினார். 1989-க்குப் பின் ஓவர்டு திரெசுனர் என்பார் அத்தொடரை வணிகவுலகெங்கும் பரப்பிய காலத்தில், அதனுள் வேறொரு பொருள் குடிபுகுந்துவிட்டது. அது, கொள்வோரையும் பணியாளரையும் எண்களாக்கி, அவ்வெண்களை ஓரிடத்திற் குவித்து, தலைமையிடத்துத் திரையில் படம் படமாகக் காட்டுதல்.

அவ்வாறு குவிக்குமிடந்தான் 'டேட்டா வேர்அவுசு'. தமிழில் தரவுக் கிடங்கு. அது தோன்றியதற்கு நேரியதொரு கரணியம் உண்டு. பெருநிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவுக்கு ஒரு கணக்கு, சரக்குப் பிரிவுக்கு ஒரு கணக்கு, கடன் பிரிவுக்கு ஒரு கணக்கு. 'சென்ற திங்களில் எத்தனை பேர் வாங்கினர்?' என்று தலைவர் வினவினால் மூவரும் மூன்று எண்களைக் கூறுவர். ஒருவன் பற்றுச்சீட்டை எண்ணியிருப்பான். ஒருவன் பெயரை எண்ணியிருப்பான். மற்றொருவன் வீட்டை எண்ணியிருப்பான். மூவரும் பொய்யரல்லர்; ஆயினும் முடிவெடுக்க வேண்டியவன் திகைத்து நிற்பான். பேரி தெவ்லின், பால் மர்பி என்னும் இருவர், ஐ.பி.எம்.-இன் ஐரோப்பியப் பணிக்கென வகுக்கப்பெற்ற ஏற்பாட்டை விளக்கி 1988-இல் எழுதிய கட்டுரையில், வணிகத் தரவுக் கிடங்கு என்னும் கருத்தை முன்வைத்தனர். பல பிரிவுகளின் கணக்குகளிலிருந்து வேண்டியவற்றைப் பிரித்தெடுத்து, முரண்களைக் களைந்து செப்பஞ்செய்து, ஒரே பொதுக் கிடங்கில் ஏற்றுதல் என்பதே இன்றளவும் அவ்வேலையின் சாறு. சரக்குந்துகளையும் மூட்டைகளையும் இவ்வாறு எண்ணுவதில் இழிவொன்றுமில்லை. அதற்குத் தரவுக் கிடங்கு என்னும் பெயரும் பொருந்தும். கிடங்கு நற்றமிழ்ச்சொல், ஆங்கிலர் 'கோடவுன்' என்று வழங்குவது மலாய் வழியாகச் சென்ற இச்சொல்லே என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர்தம் கருத்து. கொடுத்த சொல்லையே 'குடோன்' என்று கடன் வாங்கி வழங்கும் தமிழரை என்னென்பது!

இக்கிடங்குக்கு இலக்கணம் வகுத்தவருள் முதல்வராகக் கருதப்பெறுபவர் பில் இன்மன் என்பவர். பொருள்வாரியாகப் பகுக்கப்பெற்றது, ஒருங்கிணைக்கப்பெற்றது, காலங்குறிக்கப்பெற்றது, ஏற்றியபின் மாறாது நிலைப்பது என்று நான்கு இயல்புகளை 1990-களின் தொடக்கத்தில் அவர் கூறினார். நான்காவதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். உழவன் வீட்டுக் குதிரிலும் நெல் குவிந்தது. அடுத்த விளைச்சலுக்குள் அது சோறாகவும் விதையாகவும் வெளியேறிக் குதிர் வெறுமையாகும். இக்கிடங்கிலோ எடுக்க எடுக்க எதுவும் குறைவதில்லை. பத்தாண்டுக்கு முன் ஒருத்தி ஒரு நாள் வாங்கிய மருந்து, அந்நோய் தீர்ந்து அவளே அதனை மறந்த பின்னும், நாளும் மணியும் குறித்தபடி அங்கே கிடக்கும். 1996-இல் இரால்பு கிம்பல் வெளியிட்ட நூலோ, நடுவில் ஒரு விற்பனை, அதனைச் சூழ விண்மீன் கதிர்போல நாள், கடை, பொருள், வாங்கியவர் என்று அடுக்கச் சொல்லிற்று. விற்பனை நடுவில், மாந்தன் ஓரத்தில்! பொறிவல்லார்க்கு அது கையாள எளிய அமைப்பென்பது மெய்யே. ஆயினும் பெருவணிகத்தின் உள்ளக்கிடக்கையை இத்துணைச் செவ்வையாக வரைந்து காட்டிய படம் பிறிதொன்றில்லை.

இக்கிடங்குகளின் ஆற்றலை உலகிற்குக் காட்டியது அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்துப் பெண்டன்வில் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட வால்மார்ட்டு. 1987-இல் அது தன் கடைகளைச் செயற்கைக்கோள் வழியாகத் தலைமையிடத்தோடு பிணைத்தது. 1991-இல் தனக்குச் சரக்கு விடுப்போரும் தத்தம் பொருளின் விற்பனையைக் காணுமாறு ஓர் ஏற்பாட்டைச் செய்தது. 1992-இல் தெராடேட்டா நிறுவனத்தின் பொறியில் ஓர் இலக்கங்கோடி எழுத்துகளுக்கு மேல் கொள்ளும் கிடங்கு அங்கே இயங்கலாயிற்று. 2004-இல் அதன் கொள்ளளவு 460 இலக்கங்கோடி எழுத்து என்று 'நியூயார்க் டைம்சு' நாளிதழ் எழுதிற்று. அவ்வாண்டில் 'சார்லி' என்னும் புயல் புளோரிடாவைத் தாக்கிய பின்னர், 'பிரான்சிசு' என்னும் அடுத்த புயல் வருமுன், முந்தைய விற்பனைக் கணக்கைக் கிளறிப் பார்த்தனர். புயலுக்கு முன்பு மக்கள் கைவிளக்கு மட்டும் வாங்கவில்லை. செம்புற்றுப்பழச் சுவையூட்டிய ஒருவகை மாப்பண்டம் வழக்கத்தினும் ஏழு மடங்கு விற்றிருந்தது! அப்பண்டத்தை ஏற்றிக்கொண்டு சரக்குந்துகள் புயல் வரும் வழிக்கு விரைந்தன. இதில் எவர்க்கும் கேடில்லை. பசித்தவனுக்குப் பண்டம் கிடைத்தது. எவர் வாங்கினார் என்று அறியாமல், எது எத்தனை விற்றது என்று மட்டும் அறிந்தாலே இவ்வேலை முடிந்துவிடும் என்பதும் கருதத்தக்கது.

'எது விற்றது' என்பதிலிருந்து 'எவள் வாங்கினாள்' என்பதற்குத் தாண்டும்போதுதான் வணிகம் ஒற்றாக மாறுகின்றது. தார்கெட்டு என்பது மற்றோர் அமெரிக்கப் பேரங்காடி. அங்குப் பணியாற்றிய புள்ளியியலார், பெண்கள் வாங்கும் ஏறத்தாழ 25 பொருள்களைக் கொண்டு, அவருள் எவர் கருவுற்றிருக்கின்றனர் என்று மதிப்பிடும் முறையைக் கண்டதை 2012 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்சு' வெளியிட்டது. மணமில்லாத மேற்பூச்சு நெய்மம், சில உப்புச்சத்து மாத்திரைகள், பஞ்சுருண்டை ஆகியவை கூடினால் ஐயம் வலுக்கும். கணவனிடமோ தாயிடமோ ஒருத்தி வாய்திறந்து கூறுமுன்பே கடைக்காரன் உய்த்துணர்ந்து, குழந்தைப் பொருள்களுக்கு விலைக்கழிவுச் சீட்டை வீட்டுக்கு விடுத்தால் எப்பெண்தான் நடுங்கமாட்டாள்? அந்நடுக்கத்தை அந்நிறுவனமும் உணர்ந்தது. உணர்ந்து கைவிட்டதோ? இல்லை, மறைத்தது! அணையாடை விளம்பரத்துக்கு அருகில் புல்வெட்டும் பொறியின் படத்தையும், குழந்தை உடைக்கு அருகில் மதுக்கிண்ணத்தின் படத்தையும் கலந்து அச்சிட்டு, எல்லாம் தற்செயலாக வந்தனபோல் தோற்றச் செய்தது. தான் பார்ப்பது பிறர்க்குத் தெரியாதபடி பார்ப்பதற்கு எம்மொழியிலும் ஒரே பெயர்தான் உண்டு. அது நுண்ணறிவன்று.

இனி, பணியாளரை எண்ணாக்கி ஆளுவதன் கேடு இதனினும் கொடிது. 1852-இல் தொடங்கிய வெல்சு பார்கோ என்னும் அமெரிக்க வைப்பகம், ஓர் எண்ணையே பல்லாண்டுகள் தன் உயிர்நிலையாகப் போற்றி வந்தது. ஒரு வீட்டார்க்கு எத்தனை கணக்குகளும் அட்டைகளும் விற்கப்பெற்றன என்பதே அவ்வெண். இலக்கு எட்டு. எட்டு என்பதும் பெருமை என்பதும் ஆங்கிலத்தில் ஒத்தொலிப்பதால் அதனை ஒரு முழக்கமாகவே ஆக்கிக்கொண்டனர். ஒரு குடும்பத்துக்கு எட்டு வைப்பகக் கணக்கு எதற்கு என்று எவரும் வினவினாரில்லை. ஆண்டறிக்கைகளில் அவ்வெண் ஆறையும் தாண்டி நின்றது. பங்கு வாங்குவோர் கைதட்டினர். பிற வைப்பகத்தார் பொறாமையுற்றனர். கீழே கிளைகளிலோ, அன்றாட விற்பனை எண்ணிக்கை நிறையாவிடில் வேலை போகுமென்னும் அச்சத்தில் எளிய பணியாளர் தவித்தனர். இலாசு ஏஞ்சலசு நகரத்து நாளிதழொன்று 2013 திசம்பரிலேயே இதனை வெளிப்படுத்திற்று. 2016 செப்டம்பர் 8-இல் அரசமைப்புகள் 18.5 கோடித் தாலர் ஒறுப்புத் தொகை விதித்தபோதுதான் முழுக் கயமையும் ஊரறிந்தது. கொள்வோர் கேளாமலே அவர் பெயரில் கணக்குகள் தொடங்கப்பெற்றிருந்தன. பொய் மின்னஞ்சல் முகவரிகளும் கமுக்க எண்களும் பணியாளராலேயே புனையப்பெற்றிருந்தன. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 5,300 பேர் வேலையிலிருந்து நீக்கப்பெற்றிருந்தனர். தலைவர் சான் இசுடம்பு அடுத்த திங்களே விலகினார். 2020 சனவரியில் அவர்மீது 1.75 கோடித் தாலர் ஒறுப்பும் வைப்பகத் தொழிலில் ஈடுபடுவதற்கு வாழ்நாள் தடையும் வந்தன. அதற்கு அடுத்த திங்களில், குற்ற வழக்கும் பிறவும் தீர வைப்பகம் 300 கோடித் தாலர் கட்ட ஒப்பிற்று. அவ்வெண்ணைக் காட்டிப் பங்கு வாங்கியோரை மயக்கியதும் அத்தீர்வில் அடங்கிய குற்றங்களுள் ஒன்று.

கிடங்கு பொய் சொல்லவில்லை, இட்டதைக் காட்டிற்று. அச்சம் பொய்யை இட்டது. கிடங்கு அதனைத் தூய்மை செய்து, கூட்டி, வகுத்து, ஏறுமுகக் கோடாக வரைந்து தலைவர்முன் வைத்தது. தலைவர்க்கு அது நுண்ணறிவு! உண்மையை அறிந்தவரோ வாயிற்புறத்து மேசையில் அமர்ந்திருந்த பணியாளர். அறக்கேடுகளை முறையிடுவதற்கென வைக்கப்பெற்றிருந்த தொலைப்பேசிக்கே சொல்லிப் பார்த்தும் அதன்பின் தம் வேலையை இழந்ததாகப் பின்னர்ச் சிலர் வெளிப்படையாகக் கூறினர். வியப்பு யாதெனில், அக்கணக்குகளையே வேறொரு வினாவோடு துழாவியபோது விடையும் அங்கேயே கிடைத்தது. வெளித் தணிக்கையாளரைக் கொண்டு 16.5 கோடிக் கணக்குகளை ஆராய்ந்து, ஒப்புதலின்றித் தொடங்கப்பெற்றிருக்கக் கூடியவை 35 இலக்கம் வரை இருக்கும் என்று 2017 ஆகசுட்டில் அவ்வைப்பகமே அறிவித்தது. கேட்டிருந்தால் முன்னரே சொல்லியிருக்கும். கேட்க எவர்க்கும் விருப்பமில்லை.

வள்ளுவர் அறிவுக்கு ஒரு பகுதியும் ஒற்றுக்கு ஒரு பகுதியும் தனித்தனியே வகுத்தார். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. பகைவரை மட்டுமன்று, தன்கீழ்ப் பணிசெய்வாரையும் சுற்றத்தாரையும் ஆராய்வதே ஒற்றென்று அங்கே கூறப்பெறுகின்றது. ஆதலின், 'வணிக உளவு என்பது போட்டியாளரின் கமுக்கத்தைத் திருடுவதற்கன்றோ பெயர். தன் பணியாளரையும் தன்னிடம் கொள்வோரையும் ஆராய்வதற்கு அது பொருந்துமா?' என்னும் தடை எழாது. வணிக ஒற்று என்பது முற்றும் பொருந்தும். மேலும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பதும், அவருள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்பதும் அப்பகுதியின் கட்டளைகள். வெல்சு பார்கோவின் தலைவர்கள் ஒரே ஒற்றனை நம்பினர். அவ்வொற்றனோ தன் வாயால் தன் தலைவர் விரும்பியதையே திருப்பிச் சொன்னான். பெரும்பொருள் கொடுத்துக் கட்டிய கிடங்குக்கு இந்த எளிய உண்மை தெரியவில்லை. ஈண்டு மற்றொன்றும் உண்டு. வள்ளுவர் ஒற்றை வேந்தனுக்கு வைத்தார், கடைக்காரனுக்கு வைத்தாரல்லர்.

'தரவு' என்னும் சொல்லையும் ஒருவாறு ஆராய வேண்டும். தா என்னும் வேரினின்று பிறந்து, கலிப்பாவின் முதலுறுப்புக்குப் பெயராகித் தொல்காப்பியத்தில் வழங்கும் தொன்மைச் சொல் அது. 'டேட்டா' என்பதன் மூலமாகிய இலத்தீனச் சொல்லுக்கும் 'தரப்பெற்றது' என்றே பொருளாகலின், அதனைக் கலைச்சொல்லாக்கியவர் சொல்லறிவு மிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆயின் தந்தவர் எவர்? கருவுற்ற பெண் தன் நிலையைத் தார்கெட்டுக்குத் தந்தாளா? பொய்க் கணக்குக்கு உரியவன் தன் பெயரைத் தந்தானா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்க, விடையிறுத்தது தரவு. கேளாமல் கண்டு குறித்துக்கொண்டது தரவன்று, கவர்வு. சரக்கையும் ஊர்தியையும் எண்ணும் கிடங்கு தரவுக் கிடங்காகவே இருக்கட்டும். பெயரோடும் முகவரியோடும் மாந்தரைத் தொடர்ந்து எழுதும் கிடங்குக்கு ஒற்றுக் கிடங்கு என்பதே நேர்ப்பெயர்.

அமெரிக்கக் கடைக்காரன் செய்வதற்குத் தமிழில் என்ன பெயரிட்டாலென்ன என்று இருந்துவிடுதற்கில்லை. அயல்நாட்டு அங்காடிகளுக்கும் வைப்பகங்களுக்கும் இத்தகு கிடங்குகளைக் கட்டிப் பேணும் வேலையில் சென்னையில் அமர்ந்திருக்கும் தமிழிளைஞர் பல்லாயிரவர். உள்நாட்டுக் கடைகளிலும் விலைச்சீட்டு அடிக்குமுன் கைப்பேசி எண்ணைக் கேட்கும் வழக்கம் பெருகிவிட்டது. 2023 ஆகசுட்டில் நிறைவேறிய இந்திய எண்மத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், ஒருவரின் செய்திகளைக் கையாளுமுன் பெறும் ஒப்புதல் தடையற்றதாகவும், தெளிவானதாகவும், அறிந்து தரப்பெற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்கின்றது. ஒப்புதல் கேட்கும் அறிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் பட்டியலிலுள்ள மொழியொன்றிலோ படித்தறியும் வாய்ப்பும் தரப்பெறல் வேண்டும். தமிழ் அப்பட்டியலில் உள்ளது. (நடுவணரசு தன் உறுப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்துக் கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டது தனியே பேச வேண்டிய கயமை.) சட்டத்தை நடைமுறைப்படுத்தும் நெறிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அவற்றில் வகுக்கப்பெற்றுள்ளன.

ஆகவே, அத்தமிழறிக்கையில் எச்சொல் நிற்கப்போகின்றது என்பதே வினா. 'தங்கள் தரவுகள் வணிக நுண்ணறிவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தப்படும்' என்று எழுதப்பெறுமாயின், மதுரையில் மளிகை வாங்கும் மூதாட்டி, ஏதோ நல்லது நடக்கின்றது என்று கருதி எண்ணைச் சொல்லிவிட்டுச் செல்வாள். சட்டம் கேட்ட ஒப்புதல் தாளில் இருக்கும். அவள் உள்ளத்தில் இராது. அதற்கு மாறாக, 'இக்கடையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் உங்கள் பெயரோடு எழுதி வைப்போம். இத்தனை ஆண்டு அழிக்க மாட்டோம். அவற்றைக் கொண்டு நீங்கள் சொல்லாத செய்திகளையும் உய்த்தறிய முயல்வோம். அவற்றை இன்னின்னார்க்குக் காட்டுவோம். வேண்டா என்றாலும் பொருள் தருவோம்' என்று எழுதினால் அவளுக்கும் விளங்கும், அதனைப் படித்துக் காட்டும் கடைப்பெண்ணுக்கும் விளங்கும். அரசின் கலைச்சொற் குழுவினரும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரும், இவ்வறிக்கைகள் அச்சேறுமுன், 'வணிக நுண்ணறிவு' என்னும் சொல்லைத் தம் பட்டியல்களிலிருந்து நீக்கி, அவ்விடத்தில் வணிக ஒற்று என்று எழுதி வெளியிடுதல் வேண்டும்.